மொட்டை மாடியில் சுற்றும் தட்டான் கடல் தாண்டிப் போகிறது

நீர்முள்ளி | அக்டோபர் 18, காலை 8.05

நாலு நாளாக எங்கள் தெரு முழுக்கத் தட்டான்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் வந்துவிடுகின்றன. ஒன்றரை ஆள் உயரத்தில், எங்கேயும் உட்காராமல், ஒரே காலி மனைக்கு மேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கின்றன. இன்று விடியற்காலை துணிக்கொடியில் ஒன்று அசையாமல் இருந்தது. மற்றப் பல தட்டான்கள் குச்சி நுனியில் கிடையாக உட்காரும். இதுவோ கொடியைக் காலால் பற்றிக்கொண்டு உடம்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருந்தது. மஞ்சள் உடம்பு, செம்பழுப்புக் கண், இறக்கையெல்லாம் பொடிப்பொடியாகப் பனித்துளி. பின்னிறக்கை உடம்போடு சேரும் இடத்தில் நல்ல அகலம். அந்த அகலத்தைப் பார்த்துத்தான் இன்னதென்று உறுதி செய்துகொண்டேன்.

அறிவியல் பெயர் பாண்டாலா ஃபிளாவெசென்ஸ். எடை சுமார் 300 மில்லிகிராம். ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எடையை வைத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து மாலத்தீவு, பிறகு சீஷெல்ஸ், பிறகு கிழக்கு ஆப்பிரிக்கா என்று இந்தியப் பெருங்கடலைக் கடக்கிறது.

இதை வெளியே கொண்டுவந்தவர் சார்லஸ் ஆண்டர்சன். மாலத்தீவில் குடியிருந்த கடல் உயிரியலாளர். பூச்சி அவருடைய துறையே இல்லை. ஆனால் வருடா வருடம் அக்டோபரில் மாலே நகரத்தில் திடீரென்று தட்டான்கள் நிறைவதைப் பார்த்தார். மாலத்தீவு முழுக்கப் பவளத்தீவுகள். ஆறு கிடையாது, நல்ல தண்ணீர் தேங்கும் ஏரி குளமும் மிக அரிது. தட்டான் முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் நல்ல தண்ணீரில்தான். தண்ணீர் இல்லாத ஊரில் இத்தனை தட்டான் எப்படி? 1996 முதல் எந்தத் தேதியில் எந்தத் தீவுக்கு வருகின்றன என்று எழுதிவைக்க ஆரம்பித்தார். வடக்கே இருக்கும் தீவுகளில் முதலில், தெற்கே போகப்போகத் தாமதமாக. அக்டோபரில் மாலே, நவம்பர் டிசம்பரில் உச்சம். அதற்கும் அப்பால் சீஷெல்ஸிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் இன்னும் பிந்தித் தென்படுகின்றன. 2009இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். போய்த் திரும்பும் மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கி.மீ. இருக்கும் என்பது அவர் கணக்கு.

துணிக்கொடியில் இருந்தது ஏழு மணி வெயில் பட்டதும் இறக்கையைப் படபடவென்று நடுக்கிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பழைய பேருந்து | அக்டோபர் 18, காலை 9.30

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சில சந்தேகங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலாவது, காற்று அடித்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கலாமே? புயலில் மீனே கரையில் விழுகிறது. இரண்டாவது, யாராவது ஒரு தட்டானைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்களா? பறவைக்கு மாட்டுவதுபோல ஒரு ஜிபிஎஸ் மாட்டினால் விஷயம் முடிந்தது.

நீர்முள்ளி | அக்டோபர் 18, இரவு 9.12

கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

ஜிபிஎஸ் விஷயத்தில் எடைதான் இடிக்கிறது. 2006இல் அமெரிக்காவில் கிரீன் டார்னர் என்ற பெரிய தட்டானுக்கு ரேடியோ கருவியைக் கண்ணிமைப் பசையால் ஒட்டி, விமானத்திலும் காரிலும் பின்னாலேயே போனார்கள். அந்தத் தட்டான் ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். கருவியின் எடை 0.3 கிராம். நம் தட்டானுடைய மொத்த எடையே அவ்வளவுதான். ஒரு ஆள் முதுகில் இன்னொரு ஆளை ஏற்றிவிட்டுக் கடலைத் தாண்டச் சொல்வதுபோல ஆகிவிடும்.

அதனால் வேறு வழியில் போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மழைநீரில் சாதாரண ஹைட்ரஜனோடு கொஞ்சம் கனமான ஹைட்ரஜனும் கலந்திருக்கும். அந்தக் கலப்பு விகிதம் இடத்துக்கு இடம் மாறும். தட்டானின் குஞ்சு எந்தக் குட்டையில் வளர்கிறதோ அந்தத் தண்ணீரின் விகிதம் அதன் இறக்கையில் பதிந்துவிடும். இறக்கை ஒருமுறை உருவாகிவிட்டால் பிறகு மாறாது. மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறக்கைகளை 2012இல் இப்படிச் சோதித்தார்கள். ஆண்டர்சனும் அந்தக் குழுவில் இருந்தார். மாலத்தீவுத் தண்ணீரோடும் பொருந்தவில்லை, தென்னிந்தியத் தண்ணீரோடும் பொருந்தவில்லை. வட இந்தியாவும் அதற்கு அப்பாலுள்ள பகுதிகளும்தான் பொருந்தின.

அப்படியானால் அவை கடலுக்கு வருவதற்கு முன்பே நிலத்தின் மேல் ஆயிரம் கி.மீ.க்கு மேல் பறந்திருக்கின்றன!

காற்றைப் பற்றி நாளை எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம்.

மாலேவாசி | அக்டோபர் 18, இரவு 10.40

பல வருடமாகப் படித்துவிட்டுப் போகிற ஆள் நான், இதுதான் முதல் பதிவு. எட்டு வருடமாக மாலேயில் வேலை. நீர்முள்ளி சொன்னது அப்படியே உண்மை. இங்கே தண்ணீர் என்றால் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுவது, இல்லையென்றால் வீட்டுக் கூரையில் பிடித்துவைத்த மழைநீர். குளம் குட்டை கண்ணில் பட்டதே இல்லை. ஆனால் அக்டோபர் பாதிக்கு மேல் ஒருநாள் காலையில் பார்த்தால் படகுத்துறையில், கட்டடச் சாரத்தில், கொடிக் கம்பத்தில் எல்லாம் தட்டான்.

என்னோடு வேலை செய்யும் மாலத்தீவுக்காரர்கள் இதைப் பார்த்ததும் “இருவை வரப்போகிறது” என்பார்கள். இருவை என்றால் வடகிழக்குப் பருவம். தென்மேற்குப் பருவத்துக்கு ஹுலங்கு என்று பெயர். தட்டான் வந்தால் கடல் அமைதியாகும், வானம் தெளியும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்போம். ஒரே பூச்சி, அங்கே மழைக்கு அடையாளம், இங்கே மழை குறைவதற்கு அடையாளம்.

இன்னொன்று. கொஞ்ச நாளில் அந்தக் கூட்டம் குறைந்துவிடும். செத்துக் கிடப்பதையும் அவ்வளவாகப் பார்த்ததில்லை. எங்கே போகின்றன என்று யோசித்திருக்கிறேன். ஆப்பிரிக்கா என்று நினைத்ததில்லை.

குழித்துறை | அக்டோபர் 19, காலை 6.50

எங்கள் பக்கத்தில் மலையாளம் கலந்து பேசுவோம். மலையாளத்தில் இதே தட்டானுக்குத் துலாத்தும்பி என்று பெயர். துலாம் என்றால் நம் ஐப்பசி. துலாவர்ஷம் என்பது அந்த மாத மழை. ஐப்பசி பிறக்கிற நேரமும் மாலேக்குத் தட்டான் வந்து சேருகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று என்பதை இந்த இழையைப் படித்த பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். பெயர் வைத்தவர்கள் தேதியையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

நீர்முள்ளி | அக்டோபர் 19, இரவு 8.30

குழித்துறை, இந்தப் பெயர் எனக்குத் தெரியாது. குறித்துக்கொண்டேன், நன்றி.

இப்போது காற்று. பழைய பேருந்து சொன்ன மாதிரி புயல் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டதாக இருந்தால் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. தேதி கன்னாபின்னாவென்று மாறும். இவை வருடம் தவறாமல், வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படி வருகின்றன.

ஆனால் ஆண்டர்சனையே குழப்பியது வேறொன்று. அக்டோபரில் மாலத்தீவில் தரைமட்டத்துக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். அதாவது இந்தியாவை நோக்கி. தட்டான்கள் வருவதோ இந்தியாவிலிருந்து. எதிர்க்காற்றில் 500 கி.மீ.க்கு மேல் கடலைத் தாண்டி ஒரு பூச்சி வந்து சேர முடியாது. விடை மேலே இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் அந்தச் சமயத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. தரையில் வடகிழக்குக் காற்று இறங்குவதற்குச் சில வாரம் முன்பே உயரத்தில் திசை திரும்பிவிடுகிறது. தட்டான்கள் அந்த உயரத்தில் வருகின்றன.

வல்வைக் கரை | அக்டோபர் 19, இரவு 11.15

நாங்கள் தும்பி என்றுதான் சொல்லுவோம். சங்கப் பாட்டில் தும்பி என்றால் வண்டு என்று பள்ளியில் படித்தபோது குழம்பியது நினைவுக்கு வருகிறது.

உயரத்தில் ஒரு காற்று, தரையில் ஒரு காற்று என்ற இந்த விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மப்பா கடற்றொழிலாளி. சோளகம் (தென்மேற்குக் காற்று) முடியிற காலத்தில் கடற்கரையில் நின்று முதலில் மணலை ஒரு பிடி அள்ளி விடுவார், அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பார். பிறகு தலையை நிமிர்த்தி உயரத்து மேகத்தைப் பார்ப்பார். மணல் ஒரு பக்கம், மேகம் மற்றப் பக்கம் போனால் “வாடை மேலே வந்திட்டுது, இனிக் கீழே இறங்கும்” என்பார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீர்முள்ளி எழுதியதைப் படிக்கும்போது அவர் நின்ற இடம்கூடக் கண்முன் வருகிறது.

பழைய பேருந்து | அக்டோபர் 20, காலை 9.00

சரி, காற்று விஷயம் தெளிவாகிவிட்டது. வல்வைக் கரை எழுதியதைப் படித்த பிறகு நானும் மாடியில் நின்று மேகம் பார்த்தேன்.

அடுத்த கேள்வி. இங்கே என்ன குறை என்று அத்தனை தூரம் போக வேண்டும்? வழியில் சாப்பாடு என்ன? போன தட்டான் எத்தனை நாள் உயிரோடு இருந்து திரும்பி வரும்?

நீர்முள்ளி | அக்டோபர் 20, இரவு 9.45

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். போனது திரும்பி வராது. திரும்பி வருவது அதன் பிள்ளைகளின் பிள்ளைகள். ஒரு முழுச் சுற்றை முடிக்க நாலு தலைமுறை ஆகும் என்பது ஆண்டர்சனின் கருத்து.

ஏன் போகிறது என்றால், இந்தத் தட்டான் பெரும்பாலும் மழையில் புதிதாகத் தேங்கிய குட்டையை நம்பி வாழ்கிறது. நிரந்தரக் குளத்தில் மீன் இருக்கும், முட்டையிலிருந்து வந்த குஞ்சைத் தின்றுவிடும். புதுக்குட்டையில் மீன் இல்லை, கொசுப்புழு ஏராளம். ஆனால் குட்டை வற்றிவிடும். அதனால் குஞ்சு அவசரமாக வளர்கிறது. பல தட்டான் இனங்களுக்கு மாதக்கணக்கில், சிலவற்றுக்கு வருடக்கணக்கில் ஆகிற வளர்ச்சியை இது ஆறு வாரத்தில்கூட முடித்துவிடும். இறக்கை முளைத்து வெளியே வரும்போது பிறந்த குட்டை காய்ந்துகொண்டிருக்கும். முட்டையிட வேறு புதுமழை வேண்டும். வடக்கே மழைக்காலம் முடிந்துவிட்டது. மழைப்பட்டை தெற்கே நகர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது, அங்கிருந்து இன்னும் தெற்கே இறங்குகிறது. மார்ச்சுக்கு மேல் திரும்பக் கிழக்கு ஆப்பிரிக்கா. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றோடு நம் பக்கம். தட்டான் அந்த மழைக்குப் பின்னாலேயே போகிறது. உண்மையில் அது ஊர் மாறுவதில்லை, மழையை விட்டு அகலாமல் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய பாய்மரக் கப்பல்காரர்களும் இதே காற்றுகளைத்தான் நம்பினார்கள். வடகிழக்குக் காற்றில் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், தென்மேற்குக் காற்று திரும்பும்வரை காத்திருந்து வருவார்கள். சுவாஹிலியில் போகிற காற்றுக்குக் கஸ்காசி, திரும்பும் காற்றுக்குக் குசி என்று பெயர்.

சாப்பாடு: அந்த உயரத்தில் கொசு, ஈ, அசுவினி போன்ற பொடிப்பூச்சிகளும் காற்றோடு போய்க்கொண்டிருக்கும். அவற்றைப் பிடித்துத் தின்னும். தவிர, கிளம்பும்போதே உடம்பில் கொழுப்பு இருக்கும். 2021இல் வந்த ஒரு கணிப்பின்படி அந்தக் கொழுப்பை வைத்துச் சுமார் 90 மணிநேரம் இறக்கை அடித்துப் பறக்கலாம். ஆனால் எப்போதும் அடிப்பதில்லை. நான் முதலில் சொன்ன அந்த அகலமான பின்னிறக்கை இதற்குத்தான், விரித்து வைத்துக்கொண்டு பட்டம்போல மிதக்கும். நாளை உங்கள் மாடியில் கவனியுங்கள்: நாலைந்து இறக்கையடி, பிறகு ஒரு மிதப்பு, மறுபடி நாலைந்து இறக்கையடி.

கணக்கு டீச்சர் | அக்டோபர் 21, மாலை 5.20

ஏழாம் வகுப்பில் இன்று இதைக் கணக்காகப் போட்டோம். தட்டானின் நீளம் 4.5 செ.மீ. கடல் தாண்டும் தூரம் சுமார் 3,500 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். அதன் உடம்பு நீளத்தைப்போல ஏறக்குறைய 7.8 கோடி மடங்கு வருகிறது. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் தன் உயரத்தில் அத்தனை மடங்கு போனால் 1,28,000 கி.மீ.க்கு மேல். பூமியை மூன்று முறை சுற்றியும் மிச்சம் இருக்கும். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அதுக்கு வழி யார் சொல்லிக் கொடுத்தது? அம்மா தட்டான் செத்துப்போயிருக்குமே?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீர்முள்ளி | அக்டோபர் 21, இரவு 8.10

டீச்சர், ஆராய்ச்சியாளர்களும் அதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒரு தலைமுறைகூட முழு வழியையும் பார்த்ததில்லை. இருந்தும் சுற்று அறுபடவில்லை.

செம்போத்து | அக்டோபர் 22, காலை 7.15

நான் பறவை பார்க்கிறவன். இந்தக் கதையில் வல்லூறு ஒன்றும் இருக்கிறது, அதைச் சேர்க்காமல் விட மனமில்லை.

அமூர் வல்லூறு என்பது புறா அளவுப் பறவை, எடை 150 கிராம்போல இருக்கும். கிழக்கு சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென் ஆப்பிரிக்கா போகும். அக்டோபர் நவம்பரில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில் பெருங்கூட்டமாகத் தங்கும். 2012இல் அங்கே வலைகட்டிப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துக் கொன்றது வெளியே தெரிந்து நாடே பதறியது. பாங்டி கிராமத்து மக்கள் வேட்டையை நிறுத்த முடிவெடுத்தார்கள். 2013இல் ஒரு பறவைகூட வலையில் விழவில்லை. ஒரே வருடத்தில்! அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி நாகா, வோகா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். அவை தீபகற்ப இந்தியாவைத் தாண்டி, அரபிக்கடலை நிற்காமல் கடந்து ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தன.

தட்டான் கடல் தாண்டும் அதே பருவம், ஏறக்குறைய அதே காற்று. வல்லூறு வழியில் தட்டானைத் தின்றுகொண்டே போகிறது என்று ஆண்டர்சன் கருதுகிறார். நீங்கள் மாடியில் பார்க்கும் பூச்சி, நடுக்கடலில் ஒரு பறவையின் கட்டுச்சோறு.

தேனிக்காரன் | அக்டோபர் 22, இரவு 10.05

மனதில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தட்டான் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவோம். காலடியில் பொடிக்கல்லை வைத்தால் தூக்கும். யாருடைய தட்டான் பெரிய கல்லைத் தூக்குகிறது என்று போட்டி. சாயங்காலம் வால் அறுந்து விழுந்துவிடும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்ததுதான். ஆனால் அது வட இந்தியாவில் ஏதோ ஒரு குட்டையில் பிறந்து, ஆப்பிரிக்காவுக்குப் பாதி வழியில் எங்கள் கையில் வந்து சிக்கியது என்று இப்போது நினைக்கும்போது என்னவோபோல இருக்கிறது. என் பையனிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன்.

குழித்துறை | அக்டோபர் 23, காலை 6.40

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுக் கறுப்பு கார் பானெட்டில் இரண்டு நாளாக ஒரு தட்டான் வந்து வால் நுனியால் டொக் டொக் என்று தட்டிவிட்டுப் போகிறது. கண்ணாடியோடு சண்டையா?

நீர்முள்ளி | அக்டோபர் 23, காலை 7.30

சண்டை இல்லை, முட்டையிடுகிறது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்கு ஒரு தன்மை உண்டு, அதன் அதிர்வு ஒரே தளத்தில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, தட்டானுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் குட்டையைத் தேடுகிறது. மினுங்குகிற கறுப்பு பெயின்ட்டும் அதே மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் உங்கள் காரைக் குட்டை என்று நினைத்துவிட்டது. ஹங்கேரியில் பளபளப்பான கறுப்புக் கல்லறைக் கற்களை இன்னொரு வகைத் தட்டான்கள் இப்படித்தான் மொய்த்தன. காரில் விழுந்த முட்டை வெயிலில் வீணாகிவிடும். முடிந்தால் பகலில் ஒரு துணி உறை போட்டுவிடுங்கள்.

குழித்துறை | அக்டோபர் 23, காலை 7.50

பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிட்டேன்.

செம்போத்து | அக்டோபர் 23, இரவு 9.00

ஜப்பானிலும் இதே தட்டான் உண்டு. வசந்தத்தில் தெற்கிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக வடக்கே ஏறும், குளிர் வந்ததும் அங்கே குஞ்சுகள் செத்துவிடும். அடுத்த வருடம் மறுபடி வரும். முன்னோருக்கான ஓபோன் பண்டிகை சமயத்தில் நிறையத் தென்படுவதால் ஆவித்தட்டான் என்றும் சொல்கிறார்கள்.

வண்ணத்துப்பூச்சியிலும் ஒன்று: 2013 அக்டோபரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா கடற்கரையில் பெயின்டட் லேடி வண்ணத்துப்பூச்சிகள் கிடைத்தன. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி 4,200 கி.மீ. வந்தவை. உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் ஆப்பிரிக்கச் செடியுடையது, அதை வைத்தும் கண்டுபிடித்தார்கள். 2024இல்தான் அந்த ஆய்வு வெளியானது.

பழைய பேருந்து | அக்டோபர் 24, காலை 10.10

ஒரு வாரமாகப் படித்துவிட்டு ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். ஒரு தனித் தட்டானை இந்தியாவில் பிடித்து ஆப்பிரிக்காவில் மறுபடி பிடித்தவர் யாரும் இல்லை. தேதி, காற்று, இறக்கையில் உள்ள தண்ணீர் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். யாருக்காவது எடுத்துச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படிச் சொன்னால்தான் விஷயத்துக்கு மதிப்பு. எனக்கு இப்போது இதில் சந்தேகம் இல்லை.

மாலேவாசி | அக்டோபர் 24, பகல் 12.35

வந்துவிட்டன. காலை ஆறரைக்குப் படகுத்துறையில் ஒன்றுகூட இல்லை. பத்தரைக்குப் பார்த்தால் விளக்குக் கம்பத்தைச் சுற்றி எண்ண முடிந்த மட்டும் நாற்பத்திரண்டு. வல்வைக் கரை அம்மப்பா செய்ததுபோல நானும் பார்த்தேன். இங்கே அள்ளிவிட மணல் இல்லை, படகில் இருந்த கொடியைப் பார்த்தேன். கொடி கிழக்குப் பக்கமாகப் படபடக்கிறது, அதாவது தரைமட்டத்துக் காற்று மேற்கிலிருந்து. தலையை நிமிர்த்தினால் மெல்லிய மேகம் ஒன்று ஏறக்குறைய எதிர்ப் பக்கமாக, தென்மேற்கே போய்க்கொண்டிருக்கிறது.